பேரனைப் பார்க்க கோர்ட்டுக்குப் போறது சரியா? மருமகள் போனையே எடுக்கறதில்ல

அப்பாயி_பாபநாசம்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 64. பாபநாசம் பக்கத்துல கிராமம்.

என் சின்ன மகன் 2022 ஐப்பசியில பைக் விபத்துல போயிட்டான். பேரனுக்கு அப்ப மூணு வயசுகூட முடியல. கருமாதி முடிஞ்சு ஆறேழு மாசம் மருமகளும் பேரனும் எங்களோடதான் இருந்தாங்க. அப்புறம் மருமக திருச்சியில அம்மா வீட்டுக்குப் போயிடுச்சு. அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலை. ரெண்டு பொங்கலுக்குப் பேரனைக் கூட்டிட்டு வந்துச்சு. போன ஆடியிலேருந்து போனே எடுக்கறதில்ல. நாங்க ரெண்டு பேரும் நேர்ல போனோம். அவங்க அப்பா வாசல்லயே நிக்க வெச்சுப் பேசி அனுப்பிட்டாரு. உள்ளேருந்து பேரன் குரல் கேட்டுச்சு, "யாரு தாத்தா வந்திருக்கா"ன்னு. அவ்வளவுதான். திரும்பி பஸ் ஏறிட்டோம்.

எங்க தொழுவத்துல ஒரு கிடேரி. அது பொறந்த அன்னைக்கு பேரன்தான் அதுக்கு பிஸ்கட்டுன்னு பேரு வெச்சான். அகத்திக்கீரையை ஒவ்வொரு இலையா கிள்ளி அது வாயில குடுப்பான், நாக்கு கையில பட்டதும் கத்திக்கிட்டு என் முந்தானைக்குள்ள ஓடி வருவான். இப்ப பிஸ்கட்டே கன்னு போட்டிருச்சு. அவனுக்குத் தெரியாது.

இங்க ஒரு வக்கீலைப் பார்த்தோம். "பிள்ளையை உங்ககிட்டயே ஒப்படைக்கச் சொல்லி கஸ்டடி கேஸ் போடுவோம், அப்பத்தான் அந்தப் பக்கம் பயந்து பார்க்கவாவது விடுவாங்க"ன்னு சொல்றாரு. பெரிய மகன் போடச் சொல்றான். எங்க வீட்டுக்காரர், "எம்பேரனை கோர்ட்டுல வெச்சுப் பாக்கணுமா"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு ராத்திரி தூக்கமில்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகை_வக்கீல்

அம்மா, கஸ்டடி கேஸ் போடாதீங்க. மதுரையில இருபது வருஷமா குடும்ப நல வழக்குகள் பார்க்கிறவன் சொல்றேன்.

அப்பா இல்லாத பிள்ளைக்கு அம்மாதான் இயற்கைக் காப்பாளர். 1956ஆம் வருஷத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் 6ஆம் பிரிவு அதைத்தான் சொல்லுது. அந்தப் பொண்ணு வேலைக்குப் போகுது, பிள்ளையைப் படிக்க வைக்குது. இந்த நிலையில அவகிட்டேருந்து பிள்ளையைப் பிரிச்சுக் கொடுங்கன்னு கேட்டா எந்த நீதிபதியும் முகம் சுளிப்பார். அதைவிட, அந்த மனு கையில கிடைச்ச நிமிஷத்துலேருந்து உங்க மருமகளுக்கு நீங்க பிள்ளையைப் பறிக்க வந்தவங்க. அப்புறம் எவ்வளவு இறங்கி வந்தாலும் அந்தப் பயம் போகாது. பயமுறுத்தினா பார்க்க விடுவாங்கங்கிற கணக்கு நான் பார்த்த வரைக்கும் பலிச்சதில்ல.

தாத்தா பாட்டிக்குன்னு பேரனைப் பார்க்கும் உரிமையைத் தனியா எழுதி வெச்ச சட்டம் நம்ம நாட்டுல இல்ல. சட்ட ஆணையம் 2015ல கொடுத்த 257ஆவது அறிக்கையில தாத்தா பாட்டியோட பிள்ளை கழிக்கிற நேரத்தையும் கணக்குல எடுக்கணும்னு எழுதினாங்க. அது சட்டமா வரல. ஆனா கதவு மூடியும் இல்ல. 1890ஆம் வருஷத்து காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டத்துல மனு போடலாம். கோர்ட் வட்டாரத்துல ஜி.டபிள்யூ.ஓ.பி.ன்னு சொல்லுவோம். பிள்ளை வழக்கமா வசிக்கிற ஊர்லதான் போடணும், அதாவது திருச்சி குடும்ப நல நீதிமன்றத்துல. கும்பகோணத்துலயோ தஞ்சாவூர்லயோ போட்டா அதிகார வரம்பு இல்லன்னு திருப்பிடுவாங்க. உங்களுக்கு மாசம் எத்தனை மணி நேரம், எந்த இடத்துல, யார் கூட இருக்கும்போது வேணும்னு தெளிவா கேட்கணும். நீதிபதி பார்க்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான்: பிள்ளைக்கு இது நல்லதா? உங்க பாசம், உங்க வயசு, உங்க மகன் இழப்பு எல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

இப்போதைக்கு ஒண்ணு கேட்கிறேன். போன ஆடியில என்ன நடந்தது? ரெண்டு பொங்கலுக்குக் கூட்டிட்டு வந்த பொண்ணு திடீர்னு போனை எடுக்காம இருக்க ஏதோ ஒரு காரணம் இருக்கணும்.

கொங்கு_பெரியவர்

வக்கீல் சாருக்கு மரியாதையோட ஒரு கேள்விங்க. அந்தப் பையன் இவங்க வீட்டு வாரிசு. மகன் போயிட்டா பேரன்தானே மிச்சம்? 2022 ஜூன்ல உச்ச நீதிமன்றமே அப்பாவைப் பெத்த தாத்தா பாட்டிகிட்டதான் பையனைக் கொடுத்தாங்க. பேப்பர்ல படிச்சேன். இவங்களும் கஸ்டடி கேட்கட்டுமுங்க, தப்பே இல்ல.

வைகை_வக்கீல்

ஐயா, அது குஜராத் வழக்கு. அந்தப் பையனோட அப்பா, அம்மா ரெண்டு பேரும் 2021ல கொரோனாவுல இறந்துட்டாங்க. போட்டி தாத்தா பாட்டிக்கும் அம்மாவோட சகோதரிக்கும். உயர் நீதிமன்றம் அந்தச் சகோதரிகிட்ட கொடுத்ததை மாத்தி உச்ச நீதிமன்றம் தாத்தா பாட்டிகிட்ட கொடுத்துச்சு. வயசு ஆயிடுச்சு, வருமானம் கம்மிங்கிறதுக்காக மட்டும் தாத்தா பாட்டியை ஒதுக்க முடியாதுன்னு சொன்னாங்க. நல்ல தீர்ப்புதான். ஆனா இங்க அம்மா உயிரோட இருக்காங்க. அந்தத் தீர்ப்பை நம்பி இதுல இறங்கினா ஆத்துல இறக்கி விட்ட மாதிரி ஆயிடும்.

நெல்லை_மருமகள்

நான் அந்தப் பக்கத்துல இருக்கிறவ. கோபப்படாம எழுதணும்னு மூணு தடவை அழிச்சு எழுதுறேன்.

என் வீட்டுக்காரர் தவறி அஞ்சு வருஷம் ஆச்சு. என் மகளுக்கு அப்ப ரெண்டு வயசு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு பந்தி எடுத்துக்கிட்டு இருக்காங்க. திண்ணையில மாமனாரும் கொழுந்தனாரும் உக்காந்து என்னைக் கூப்பிட்டு, பேங்க் பாஸ்புக், எல்.ஐ.சி. பத்திரம் எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. நான் அன்னைக்குக் காலையில இருந்து தண்ணிகூட குடிக்கல. யாரும் கேட்கல. எடுத்துட்டு வந்து கொடுத்தேன்.

அதையும் பொறுத்துக்கிட்டு மாசாமாசம் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனேன். ஏன்னா அவளுக்கு அப்பா முகம் அந்த வீட்டுலதான் இருக்கு. அத்தைக்கு அவர் சாயல் அப்படியே. ஒரு நாள் ராத்திரி என் மக படுக்கையில கேட்டா, "அம்மா, நீ வேற வீட்டுக்குப் போயிருவியா? அப்ப நான் ஆச்சிகூட இருக்கணுமா?" அன்னைக்கோட நிறுத்திட்டேன். அத்தை வேணும்னு சொல்லியிருக்க மாட்டாங்க. யார்கிட்டயோ புலம்பினது பிள்ளை காதுல விழுந்திருக்கும். ஆனா அந்தக் கேள்விக்கு அப்புறம் அவ மூணு மாசம் என் சேலை நுனியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினா.

அப்பாயி அம்மா, உங்க மேல குற்றம் சொல்லல. வக்கீல் சார் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். ஆடியில என்ன நடந்தது?

பெரம்பூர்_பாட்டி

நான் வழக்கு போட்டுப் பேத்தியைப் பார்க்கும் உரிமை வாங்கினவ. மகளைப் பறிகொடுத்தேன், மாப்பிள்ளை பேத்தியைக் காட்ட மாட்டேன்னுட்டார். இடைக்கால மனுவுல உத்தரவு வரவே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை, ரெண்டு மணி நேரம், கோர்ட் வளாகத்துல பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற அறையில.

அந்த ரெண்டு மணி நேரம் எப்படி இருக்கும்னு யாரும் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். சுவத்துல பொம்மைப் படம் வரைஞ்சிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி. உங்களை மாதிரி இன்னும் நாலஞ்சு குடும்பம் அதே அறையில இருக்கும். பக்கத்துல ஒரு அப்பா பிள்ளைக்கு ஷூ மாட்டி விட்டுக்கிட்டு இருப்பார், அந்தப் பிள்ளை வாசலையே பார்த்துக்கிட்டு இருக்கும். என் பேத்தி முதல் ரெண்டு தடவை என்கிட்ட வரவே இல்ல. நான் வாரி எடுக்கப் போனேன், வீல்னு கத்திட்டா. நான் அழுதேன். அதைப் பார்த்து அவ இன்னும் பயந்துட்டா. தப்பு என்னுதுதான்.

மூணாவது தடவை ஒரு நோட்டும் கலர் பென்சிலும் எடுத்துட்டுப் போய், தரையில உக்காந்து நான்பாட்டுக்குக் கோலம் போட ஆரம்பிச்சேன். பத்து நிமிஷம் கழிச்சு வந்து, "இந்தப் புள்ளி தப்பு"ன்னா. அன்னைக்குத்தான் என் பேத்தி எனக்குத் திரும்பக் கிடைச்சா.

உத்தரவு வாங்கினதுக்கு நான் வருத்தப்படல. வேற வழி இருந்திருந்தா அந்த வழியில போயிருப்பேன், அவ்வளவுதான்.

பாரிஸ்_ஈழத்தான்

அம்மா, நான் முப்பது வருசமாப் பிரான்சிலை இருக்கிறன். இங்கத்தைச் சட்டம் வேற பக்கத்திலை இருந்து தொடங்குது. குடியியல் சட்டக்கோவை 371-4ஆம் பிரிவு, பிள்ளைக்குத் தன்ரை அப்பம்மா, அம்மம்மா, தாத்தாமாரோடை உறவு வைச்சிருக்க உரிமை இருக்கு எண்டு சொல்லுது. உரிமை பேரப்பிள்ளையின்ரை. பிள்ளைக்குக் கூடாது எண்டால் மட்டும்தான் தடுக்கலாம். ஜெர்மனியிலையும் பிள்ளையின்ரை நன்மைக்கு உதவும் எண்டால் தாத்தா பாட்டிக்குப் பார்க்கிற உரிமை இருக்கு. 2018இலை ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பல்கேரியாவிலை இருந்த ஒரு அம்மம்மாவின்ரை வழக்கிலை, நாடு கடந்து வாற இப்பிடியான வழக்குகளிலை "பார்க்கும் உரிமை" எண்ட சொல்லுக்குள்ளை தாத்தா பாட்டியும் அடக்கம் எண்டு தீர்ப்புச் சொன்னது.

எனக்குப் பிடிச்ச விசயம் அந்தத் தொடக்கம்தான். "எனக்குப் பேரனைப் பார்க்க வேணும்" எண்டு கேக்கிறதும் "அவனுக்கு அப்பம்மா வேணும்" எண்டு கேக்கிறதும் ஒண்டில்லை.

நியூஜெர்சி_தமிழன்

அமெரிக்காவுல நேர் எதிர். 2000 ஜூன் மாசம் டிராக்ஸல் எதிர் கிரான்வில்னு ஒரு வழக்கு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கிட்டத்தட்ட இந்த அம்மாவோட கதைதான். வாஷிங்டன் மாநிலத்துல மகன் 1993ல தற்கொலை பண்ணிக்கிட்டார், ரெண்டு பெண் குழந்தைங்க. முதல்ல தாத்தா பாட்டி அடிக்கடி பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பிள்ளைங்களோட அம்மா, மாசத்துல ஒரு நாள் போதும், ராத்திரி தங்க வேண்டாம்னு சொன்னாங்க. கவனிங்க, அவங்க ஒரேயடியா மறுக்கல, குறைச்சாங்க. தாத்தா பாட்டி கேட்டது மாசம் ரெண்டு வாரக்கடைசி, கோடையில ரெண்டு வாரம். கீழ் கோர்ட் நடுவுல ஒண்ணு கொடுத்துச்சு. அந்தத் தாயோட முடிவுக்கு உரிய மதிப்பு கொடுக்காம, நீதிபதி தனக்கு நல்லதுன்னு பட்டதைத் திணிச்சது செல்லாதுன்னு 6க்கு 3ங்கிற கணக்குல தீர்ப்பு வந்துச்சு. எல்லா மாநிலத்துலயும் தாத்தா பாட்டிக்குச் சட்டம் இருக்கு, ஆனா அந்தத் தீர்ப்புக்கு அப்புறம் தகுதியுள்ள பெற்றோரோட முடிவை மீறி வாங்குறது கஷ்டம்.

அந்த அம்மா கொடுத்த ஒரு நாளை ஏத்துக்கிட்டிருந்தா ஆறேழு வருஷம் வழக்குல போயிருக்காதேன்னு எனக்கு எப்பவும் தோணும்.

அப்பாயி_பாபநாசம்

எல்லாரும் எழுதினதை ரெண்டு நாளா படிச்சுக்கிட்டு இருந்தேன். நெல்லைத் தங்கச்சி எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். முதல்ல நான் சொல்லாம விட்டதைச் சொல்றேன்.

மகன் விபத்துக்கு நஷ்டஈடு கேஸ் நடந்துச்சு. மருமக, பேரன், நாங்க ரெண்டு பேர்னு சேர்ந்துதான் போட்டோம். போன ஆனி மாசம் பங்கு பிரிக்கிற பேச்சு வந்தப்ப பெரிய மகன் தனியா ஒரு வக்கீல் வெச்சு, எங்க பேர்ல ஆட்சேபணை போட்டுட்டான். மருமக பங்கு அதிகம்னு. அதுல, மருமக மறு கல்யாணம் பண்ணிக்கப் போகுது, பணத்தை எல்லாம் அதுகிட்ட கொடுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தாங்களாம். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன். என்ன எழுதியிருக்குன்னு நான் கேட்கல. கேட்டிருக்கணும்.

ஆடி பிறந்ததும் போன் நின்னுபோச்சு.

மருமகளுக்கு 31 வயசு. அது கல்யாணம் பண்ணிக்கிறதுல எனக்கு வருத்தமே கிடையாது. ஒத்தையில என்ன பண்ணும். ஆனா பேரன் வேற வீட்டுப் பிள்ளையா ஆயிடுவானோங்கிற பயம் இருக்கு. அதை மறைக்க மாட்டேன்.

நெல்லை_மருமகள்

அம்மா, நீங்க இதை இங்க எழுதினீங்க பாருங்க, என் அத்தை இதுல பாதி சொல்லியிருந்தாக்கூட நான் அன்னைக்கே பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்.

வைகை_வக்கீல்

இப்பத்தான் விஷயம் புரியுது. இனி நான் சொல்றதை நிதானமா கேளுங்கம்மா.

மகனோட சொத்துல தாயாருக்கு, மனைவி பிள்ளையோட சமமா பங்கு உண்டு. நஷ்டஈட்டுல யாருக்கு எவ்வளவுன்னு தீர்ப்பாயமே பிரிக்கும், மைனர் பங்கை வங்கியில டெபாசிட் போட்டுடுவாங்க. உங்க பங்கை விட்டுக்கொடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், வயசான காலத்துல உங்களுக்கும் மருந்து மாத்திரைக்கு வேணும். ஆனா அந்தப் பொண்ணோட மறுமணத்தைப் பத்தி எழுதின அந்த ஆட்சேபணையை வாபஸ் வாங்குங்க. பேரனைக் காட்டுறதுக்குப் பதிலா வாபஸ் வாங்குறேன்னு பேரம் பேசாதீங்க. முதல்ல வாங்கிடுங்க.

அடுத்து, வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். உங்க கைப்பட ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்ட்ல. அதுல பணம் பத்தி ஒரு வரி, மன்னிப்பு ஒரு வரி, அப்புறம் நீங்க கேட்கிறது என்னன்னு. ஸ்கூல் வாசல்ல மட்டும் போய் நிக்காதீங்க. எத்தனை பாட்டிமார் பாசத்துல அப்படிப் போய் நின்னு, கடைசியில போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்காங்கன்னு நான் பார்த்திருக்கேன்.

பதில் வரலைன்னா திருச்சி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுங்க. வழக்கு போடறதுக்கு முன்னாடியே ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவாங்க. செலவு இல்ல. பின்னாடி வழக்கே போடணும்னாலும், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, அதனால மனு உங்க பேர்லயே இருக்கட்டும். நேர்ல பார்க்கிறது உடனே கிடைக்கலைன்னா வீடியோ கால் கேளுங்க. 2020ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல, பிள்ளை கூட இல்லாத பெற்றோருக்கு தினமும் அஞ்சு பத்து நிமிஷமாவது பேசக் கொடுக்கணும்னு சொல்லியிருக்கு. அது பெற்றோருக்குச் சொன்னதுதான், ஆனா அதை எடுத்துக் காட்டி வாரம் ஒரு தடவை கேட்கலாம்.

மறுமணம் பத்தின பயத்துக்கும் ஒரு வழக்கு சொல்றேன். ஆந்திராவுல கணவர் 2006ல இறந்து, அந்தப் பெண் மறுமணம் பண்ணிக்கிட்டாங்க. கணவரோட அப்பா அம்மா பிள்ளைக்குக் காப்பாளரா எங்களைப் போடுங்கன்னு போனாங்க. கீழ் கோர்ட் அதைத் தள்ளுபடி பண்ணிட்டு, குறிப்பிட்ட அளவு பார்க்கும் உரிமை மட்டும் கொடுத்துச்சு. அதுக்கப்புறம் பிள்ளையோட குடும்பப் பெயர் என்னங்கிற சண்டை உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2022 ஜூலையில தாய் பக்கம் தீர்ப்பு வந்துச்சு. புதுக் கணவர் பெயரை ஆவணத்துல "மாற்றாந்தந்தை"ன்னு போடச் சொன்னதைக் கொடுமைன்னே கண்டிச்சாங்க. பெயர், குலம், வாரிசுன்னு கேட்டவங்க கேட்டது கிடைக்கல. கையில நின்னது பார்க்கும் உரிமைதான்.

கொங்கு_பெரியவர்

நான் அவசரப்பட்டுட்டேனுங்க. வாரிசுன்னு எழுதினேன். அம்மா எழுதினதைப் படிச்ச பிறகு எங்க வீட்டு விஷயமும் ஞாபகத்துக்கு வந்துச்சு. என் தங்கச்சி மகளை அவ புருசன் வீட்டுல இப்படித்தான் பேசினாங்க, அன்னைக்கு நான் அவ பக்கம் நின்னு சண்டை போட்டேன். வக்கீல் சார் சொல்றபடி பண்ணுங்கம்மா.

பெரம்பூர்_பாட்டி

கடிதத்துல "எங்க ரத்தம்", "எங்க வீட்டுப் பிள்ளை" எதுவும் வேண்டாம். முதல் வரியில மருமகளை விசாரிங்க. அது எப்படி இருக்கு, வேலை எப்படிப் போகுதுன்னு.

அப்பாயி_பாபநாசம் (நாலு மாசம் கழித்து)

எல்லாருக்கும் வணக்கம். சொல்லாம இருக்கக் கூடாதுன்னு எழுதறேன்.

ஆட்சேபணையை வாபஸ் வாங்கிட்டோம். பெரிய மகன் ஒரு மாசம் எங்ககிட்ட பேசல, இப்ப பேசறான். கடிதத்துக்குப் பதில் வரல. பதினைஞ்சு நாள் பொறுத்துட்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுத்தோம். முதல் தேதிக்கு மருமக வரல, அவங்க அப்பா மட்டும் வந்தாரு. ரெண்டாவது தேதிக்கு வந்துச்சு. ரொம்ப இளைச்சுப் போயிருந்துச்சு. சமரசம் பேசின அம்மா எங்களைப் பேசச் சொன்னாங்க. நான் எழுதி எடுத்துட்டுப் போன பேப்பரைப் பிரிக்கவே இல்ல. "நீ என்ன முடிவு பண்ணினாலும் எனக்குச் சம்மதம், என் கையெழுத்துக்கு என்னை மன்னிச்சிரும்மா"ன்னு சொன்னேன். அது என்னைப் பார்க்கல, மேஜையைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. பையிலேருந்து நான் எழுதின கடிதத்தை எடுத்து மேஜை மேல வெச்சுது. மடிச்சு மடிச்சு ஓரமெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு.

மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, அவங்க வீட்டுலயே, பத்து மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும். புதன்கிழமை சாயந்திரம் வீடியோ கால் பத்து நிமிஷம். ஊருக்குக் கூட்டிட்டுப் போறது இப்போதைக்கு இல்ல. எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கோம்.

போன ஞாயித்துக்கிழமை முதல் தடவை போனோம். பேரன் உயரமாயிட்டான், முன்னம்பல் ரெண்டு விழுந்திருக்கு. கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டான், என்னைத் தெரியல. பெரம்பூர் அம்மா சொன்னதை நெனச்சு நான் தூக்கப் போகல. வீட்டுக்காரர் பேசாம போனை எடுத்து பிஸ்கட் கன்னுக்குப் பால் கொடுக்கிற வீடியோவைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. மாடு கத்துற சத்தம் கேட்டு வந்தான். பக்கத்துல நின்னு பார்த்தான். "இது யாரு மாடு"ன்னு கேட்டான். மருமக அடுப்படியிலேருந்து, "உன் மாடுதான்டா, நீதான் பேரு வெச்ச, அப்பாயிகிட்ட கேளு"ன்னுச்சு.

வக்கீல் தம்பி, ஒரு சந்தேகம். வர்ற ஐப்பசியில மகனுக்குத் திதி. அன்னைக்குப் பேரனை ஒரு வேளை ஊருக்கு அனுப்பச் சொல்லி நான் கேட்கலாமா, இல்ல ஒப்பந்தத்துல இல்லாததைக் கேட்டா தப்பாகுமா?

வைகை_வக்கீல்

இப்ப கேட்காதீங்கம்மா. திதியை நீங்க உங்க வீட்டுல கொடுங்க, படையல் சோத்தைக் கட்டிக்கிட்டு அந்த மாசத்து ஞாயித்துக்கிழமை திருச்சிக்குப் போங்க. அடுத்த வருஷம் அந்தப் பொண்ணே கேட்கும்.